ஒலி அளவுமானி: தொலைபேசிக் கம்பியிலிருந்து இன்டர்காம் இடைமுகம் வரை

ஒலி அளவுமானி என்பது ஒரு கம்பி வழியே செல்லும் ஒலிக்குறிகையின் வலிமையை முள்ளாலோ விளக்கு வரிசையாலோ காட்டும் கருவி. வானொலி நிலையத்தின் கட்டுப்பாட்டு மேசை, ஒலிப்பதிவுக் கூடம், கச்சேரி மேடையின் ஒலிபெருக்கி அமைப்பு, தொலைக்காட்சியின் வெளிப்புற ஒளிபரப்பு வண்டி ஆகிய எல்லாவற்றிலும் இது இடம்பெறுகிறது. நேரலை நிகழ்ச்சிகளில் இயக்குநர், கேமரா இயக்குபவர், ஒலிப்பொறியாளர், மேடைப் பொறுப்பாளர் முதலியோர் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படும் இன்டர்காம் அமைப்புகளிலும் இது உண்டு. குறிப்பாக, ஒருவகை இன்டர்காமை இன்னொரு வகையுடன் இணைக்கும் இடைமுகக் கருவிகளின் முகப்பில் இரு பக்கத்துக்கும் தனித்தனி அளவுமானிகள் வைக்கப்படுகின்றன.

மானி காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்க மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். மானியின் சுழி எந்த மின்னழுத்தத்தைக் குறிக்கிறது என்பது முதலாவது. முள் எவ்வளவு விரைவாக நகரும் என்பது இரண்டாவது. கம்பியின் முனையில் எவ்வளவு சுமை உள்ளது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே காலத்தில் தெளிவு பெறவில்லை. முதலாவது தொலைபேசியிலிருந்தும், இரண்டாவது வானொலியிலிருந்தும், மூன்றாவது பலர் ஒரே கம்பியில் பேசும் இணைப்புகளிலிருந்தும் வந்தன. இன்றைய இன்டர்காம் இடைமுகத்தின் மானியில் மூன்று வரலாறுகளும் சேர்ந்து நிற்கின்றன.

கம்பியின் இழப்பை அளந்த காலம்

1882-இல் ஓரியண்டல் தொலைபேசி நிறுவனம் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்களைத் திறந்தது. அன்றைய தொலைபேசியில் பெருக்கி கிடையாது. பேசுபவரின் குரல் கரி ஒலிவாங்கியில் மின்னோட்டமாக மாறி, கம்பியின் நீளம் முழுவதும் தேய்ந்து, மறுமுனையின் காதுக்குழலை அடைந்தது. எத்தனை மைல் தாண்டினால் பேச்சு புரியாமல் போகும் என்பதுதான் பொறியாளர்களின் முதற்கேள்வி.

அதனால் முதல் அலகும் மைலாகவே இருந்தது. ஒரு கருவியோ இணைப்போ எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதை, அதே இழப்பைத் தரும் ‘திட்டக் கம்பி’யின் நீளமாகச் சொன்னார்கள். மைலுக்கு 88 ஓம் மின்தடையும் 0.054 மைக்ரோஃபாரட் கொண்மமும் உடைய கம்பி அதற்கு அளவுகோல். அந்த அலகில் ஒரு குறை இருந்தது. கம்பியின் இழப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். தாழ்ந்த சுருதிக்கு ஒரு மைலாக இருக்கும் இழப்பு உயர்ந்த சுருதிக்கு அதைவிடக் கூடும்.

1920-களில் அமெரிக்காவின் பெல் நிறுவனப் பொறியாளர்கள் மைலை விட்டு, இரண்டு ஆற்றல்களின் விகிதத்தை மடக்கையில் சொல்லும் அலகுக்கு மாறினர். அதற்கு 1928 முதல் டெசிபல் என்று பெயர். தொலைபேசியுடன் பெயர் இணைந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக அப்பெயர் வைக்கப்பட்டது. ஆற்றல் இரு மடங்கானால் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். மின்னழுத்தம் இரு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல். பழைய திட்டக் கம்பி ஒரு மைலின் இழப்பு பேச்சு அதிர்வெண்ணில் ஒரு டெசிபலுக்கு அருகில் இருந்ததால், பழகிய பொறியாளர்களுக்குப் புதிய அலகு அந்நியமாகத் தோன்றவில்லை.

டெசிபல் ஒரு விகிதம் மட்டுமே. ‘4 டெசிபல்’ என்பது எதைவிட 4 என்று சொல்லாதவரை முற்றுப்பெறாத வாக்கியம். தொலைபேசித் துறையில் 600 ஓம் சுமையில் 1 மில்லிவாட் ஆற்றல் என்பது அடிப்படையாக நிலைபெற்றது. அதற்குரிய மின்னழுத்தம் 0.775 வோல்ட். ஒலிப்பொறியியலில் இன்றும் அடிக்கடி தென்படும் இந்த ஒழுங்கற்ற எண் அந்தத் தொலைபேசிக் கணக்கின் மிச்சம்.

இருகம்பியும் நான்குகம்பியும்

வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு கம்பிகளே வரும். பேசுவதும் கேட்பதும் அதே இரண்டில் நடக்கும். நெடுந்தொலைவு இணைப்புகளில் வெற்றிடக்குழல் பெருக்கிகள் வைக்கப்பட்டபோது இது சிக்கலானது. பெருக்கி ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். போகும் குரலுக்கு ஒன்றும் வரும் குரலுக்கு ஒன்றுமாக இரண்டு பெருக்கிகள் வேண்டும். இரண்டின் முனைகளையும் அப்படியே ஒரே கம்பியில் இணைத்தால், ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகி முழு இணைப்பும் ஊளையிடும்.

இதற்குத் தீர்வு, போக இரண்டு கம்பிகளும் வர இரண்டு கம்பிகளுமாக நெடுந்தொலைவுப் பாதையைப் பிரிப்பது. அது நான்குகம்பி இணைப்பு எனப்பட்டது. இருகம்பியும் நான்குகம்பியும் சந்திக்கும் இடத்தில் கலப்பிணைப்பு எனும் மின்மாற்றி அமைப்பு வைக்கப்பட்டது. அது இருகம்பியின் மின் பண்புகளைப் போலவே அமைந்த ஒரு சமநிலைச் சுற்றை எதிர்ப்பக்கத்தில் கொண்டிருக்கும். இரண்டும் சரியாகப் பொருந்தினால் அனுப்பிய குரல் திரும்பி வராது. பொருந்தாத அளவுக்கு எதிரொலி வரும். மிகவும் பொருந்தாவிட்டால் ஊளை எழும். தொலைபேசிப் பொறியாளர்கள் இழப்பை அளந்து அமைத்த இந்தச் சந்திப்புதான் பிற்கால இன்டர்காம் இடைமுகத்தின் முன்னோடி.

மதராஸில் வானொலி

தமிழ்நாட்டில் ஒலியின் அளவைத் தொடர்ந்து ஒருவர் கவனிக்க வேண்டிய தேவை வானொலியோடு வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண வானொலி மன்றம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 முதல் மன்றம் ஒலிபரப்பு நடத்தியது. பணமுடையால் 1927-இல் மன்றம் ஒலிபரப்பை நிறுத்தி, ஒலிபரப்பியை மதராஸ் மாநகராட்சிக்கு அளித்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் வானொலிச் சேவை நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி மூலமாகவும் மக்கள் அதைக் கேட்டனர்.

இந்திய அரசின் ஒலிபரப்புத் துறைக்கு 1935-இல் பி.பி.சி.யிலிருந்து லயனல் ஃபீல்டன் தலைவராக வந்தார். 1936-இல் அத்துறை அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்றது. பி.பி.சி.யின் எச்.எல். கிர்க் அதே ஆண்டு இந்தியா வந்து நிலையங்களுக்கான தொழில்நுட்பத் திட்டத்தை ஆராய்ந்தார். அவருக்குப் பின் சி.டபிள்யூ. கொய்டர் தலைமைப் பொறியாளரானார். 1924-இல் பள்ளி மாணவராக இருந்தபோதே இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துடன் இருவழி வானொலித் தொடர்பு கொண்டவர் கொய்டர். 1938 ஜூன் 16 அன்று மதராஸ் நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் தொடங்கியது. மாநகராட்சியின் சேவை அதோடு முடிந்தது. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம் வந்தது.

நிகழ்ச்சி நடக்கும் அறை ஓரிடம். ஒலிபரப்பியும் கோபுரமும் வேறிடம். இரண்டையும் இணைப்பது ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஒலி மிகுந்தால் ஒலிபரப்பியில் சிதைவு ஏற்படும். குறைந்தால் கேட்பவரின் பெட்டியில் இரைச்சல் மேலோங்கும். எனவே கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் முள்ளைப் பார்த்தபடி குமிழைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பேசும் இருவர் ஒருவரையொருவர் ‘சத்தமாகப் பேசுங்கள்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்த தொலைபேசியில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை.

முள்ளின் வேகம்

மதராஸ் நிலையமும் திருச்சி நிலையமும் தொடங்கிய அதே இரண்டு ஆண்டுகளில் உலகின் இரு முதன்மையான ஒலி அளவுமானிகளும் உருப்பெற்றன. பி.பி.சி. 1938-இல் உச்சமானியைத் தன் தரக்கருவியாக்கியது. அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய இரு ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து 1939 மே மாதம் வி.யு. மானியை ஏற்றன.

வி.யு. மானி ஓர் உடன்படிக்கையின் விளைவு. அதற்கு முன் 6 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட மானியும் இருந்தது, 12.5 மில்லிவாட்டைக் கொண்ட மானியும் இருந்தது. சிலர் 500 ஓம் சுமையில் அளந்தனர், சிலர் 600 ஓமில். முட்களின் வேகமும் வேறுபட்டது. வானொலி நிறுவனம் தன் முனையில் சரியான அளவில் அனுப்பினோம் என்றது. கம்பியை வாடகைக்குத் தந்த தொலைபேசி நிறுவனத்தின் மானி வேறு எண்ணைக் காட்டியது. இரு தரப்பும் ஒரே முள்ளைப் பார்த்தால்தான் வழக்கு தீரும் என்பதால், அடிப்படை ஆற்றல், சுமை, முள்ளின் அசைவு, முகப்பின் எழுத்து வரை வரையறுத்தார்கள். முகப்பில் -20 முதல் +3 வரையிலான வி.யு. அளவும், 0 முதல் 100 வரையிலான விழுக்காட்டு அளவும் உண்டு. முள் சுழியிலிருந்து 100 விழுக்காட்டுக்குச் செல்ல 300 மில்லிநொடி எடுக்க வேண்டும் என்பது விதி. மானியோடு 3600 ஓம் மின்தடை தொடராக இணைக்கப்பட்டதால், முள் 0-ஐக் காட்டும்போது கம்பியில் இருப்பது 0.775 வோல்ட் அல்ல, 1.228 வோல்ட். ‘+4’ என்று ஒலிப்பொறியாளர்கள் சொல்லும் அளவு இதுதான்.

பி.பி.சி.யின் உச்சமானி கருப்பு முகப்பில் வெள்ளை எழுத்தில் 1 முதல் 7 வரை எண்கள் கொண்டது. அலகின் பெயர் எதுவும் அதில் இல்லை. 4 என்பது 0.775 வோல்ட். எண்ணுக்கு எண் 4 டெசிபல் இடைவெளி. 6-ஐத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை. அதன் முள் மின்னணுச் சுற்றால் இயக்கப்பட்டது. ஏறத்தாழ 10 மில்லிநொடி நீடிக்கும் உச்சத்தையும் பெரும்பாலும் எட்டிவிடும். ஏறியபின் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக இறங்கும்.

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தோன்றும் என்பதை வி.யு. மானி ஓரளவு காட்டும். கருவிகள் எந்த இடத்தில் சிதையும் என்பதை உச்சமானி காட்டும். ஒரே குரலை இரண்டிலும் பார்த்தால் எண்கள் ஒத்துவராது. நிலையான ஒரு சுருதியை அனுப்பினால் மட்டுமே இரண்டையும் ஒப்பிட முடியும். கருவிகளை அமைக்கும்போது பேச்சுக்குப் பதிலாக 1000 ஹெர்ட்ஸ் சுருதி பயன்படுவதன் காரணம் இது.

மிருதங்கமும் தம்புராவும்

இந்தியாவின் வானொலி நிலையக் கலப்பு மேசைகளில் வி.யு. மானி பரவலாக இருந்தது. கர்நாடக இசைக்கு அதன் 300 மில்லிநொடி தனிச் சிக்கலைத் தந்தது. தம்புராவின் ஒலி இடைவிடாதது. முள் அதை ஏறக்குறைய உள்ளபடி காட்டும். நீட்டிப் பாடும் குரலுக்கும் அப்படியே. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஓர் அடியோ தவிலின் ஓர் அடியோ சில மில்லிநொடிகளில் உச்சத்தைத் தொட்டுத் தணிந்துவிடும். முள் கிளம்பிப் பாதி வழி வருவதற்குள் அடி முடிந்திருக்கும். உண்மையான உச்சம் முள் காட்டுவதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ இருக்கலாம். அதாவது மின்னழுத்தத்தில் மூன்று மடங்குக்கும் மேல்.

இதை அறியாத இயக்குநர் தனி ஆவர்த்தனத்தின்போது முள் தாழ்ந்திருப்பதைக் கண்டு குமிழை உயர்த்துவார். முள் நடுவில் நிற்கும். ஒலியோ வெட்டுண்டு போகும். அறிந்தவர் தாளக்கருவிக்கு முள்ளைத் தாழவே விட்டுவிடுவார். எந்தக் கருவிக்கு எவ்வளவு தாழ்வாக விட வேண்டும் என்பது மானியின் முகப்பில் எழுதப்படவில்லை. அது அனுபவத்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்த அறிவு.

கேட்பவரின் முனை

அளவைக் காக்க வேண்டியதன் காரணம் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே இருந்தது. வந்தவாசிக்கு அருகிலுள்ள தெள்ளார், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி ஆகியவை சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உள்ளவை. இவ்வளவு தொலைவில் வானொலி அலை மெலிந்தே வந்து சேரும். கோடையின் இடிமின்னல் இரைச்சலும் அதோடு கலக்கும். தறி ஓடும் வீட்டில் நாடா போகும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் இடைவிடாமல் இருக்கும். அந்த ஓசையின் மட்டத்துக்குக் கீழே போகும் எந்த ஒலியும் நெசவாளரின் காதை எட்டாது.

கச்சேரி அரங்கில் மெல்லிய ஆலாபனைக்கும் உச்சத்தில் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. அந்த வேறுபாட்டை அப்படியே அனுப்பினால் தொலைதூரக் கேட்பவருக்குப் பாதிக் கச்சேரி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். எனவே மெல்லிய இடத்தில் சற்றே உயர்த்தி, வலிய இடம் வருமுன் சற்றே இறக்கி, இசையின் ஏற்றத்தாழ்வு முற்றிலும் தட்டையாகாமல் காப்பது இயக்குநரின் கடமை. பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கி முன்னும் தேநீர்க் கடையிலும் நின்று கேட்டவர்களுக்கு மாநிலச் செய்தி தெளிவாக வந்ததா என்பதும் இந்தக் கையைப் பொறுத்ததே.

மேடையிலிருந்து நேரலை

நிலையத்துக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பும்போது இரண்டு இணைப்புகள் வேண்டும். ஒன்று நிகழ்ச்சியை ஏற்றிச் செல்வது. மற்றொன்று மேடைப் பொறியாளரும் நிலையப் பொறியாளரும் பேசிக்கொள்வது. திருவையாற்றின் தியாகராஜ ஆராதனைப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள், சேப்பாக்கம் கிரிக்கெட் வர்ணனை போன்ற நேரலைகள் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை ஏற்பாடு அடிப்படை.

தொடங்குமுன் மேடையிலிருந்து ஒரு சுருதியை அனுப்புவார்கள். தம் மானியில் முள் எங்கே நிற்கிறது என்று பேச்சுக் கம்பியில் சொல்வார்கள். நிலையத்தில் இருப்பவர் தம் முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுவருவார். அதன்பின் இருவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச முடியும். நிகழ்ச்சிக் கம்பி கெட்டுப்போனால் அதைச் சொல்லவும் சரிசெய்யவும் பேச்சுக் கம்பி ஒன்றே வழி. அது கேட்கவில்லை என்றால் மேடையும் நிலையமும் பிரிந்துவிடும்.

ரயில்வே கட்டுப்பாட்டுக் கம்பி

பலர் ஒரே கம்பியில் பேசும் ஏற்பாடு இந்தியாவில் ரயில்வேயில் நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு பிரிவின் எல்லா நிலையங்களும் கட்டுப்பாட்டு அலுவலகத்துடன் பொதுவான ஓர் இணைப்பில் இருக்கும். விழுப்புரம் - காட்பாடி பாதையின் ஆரணி ரோடு போன்ற நிலையத்தின் அதிகாரி பேசியை எடுத்தால் பிரிவுக் கட்டுப்பாட்டாளர் உடனே கேட்பார். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எதற்கு வழிவிட வேண்டும் என்பது அந்தக் கம்பியில்தான் தீர்மானமாகிறது.

இந்த இணைப்பில் ஒவ்வொரு நிலையமும் கம்பிக்குக் குறுக்கே ஒரு சுமை. ஒவ்வொன்றும் சிறிதளவு ஒலியை எடுத்துக்கொள்ளும். எனவே நிலையக் கருவிகள் மிகக் குறைவாக எடுக்கும்படி உயர் மின்மறுப்புடன் அமைக்கப்படுகின்றன. ஒரு நிலையத்தில் பழுது ஏற்பட்டுக் கம்பி குறுக்கிணைந்தால் பிரிவு முழுவதும் ஒலி தாழும். மின்மயமான பாதைகளில் மேல்கம்பியின் மின்னோட்டம் அருகிலுள்ள தொடர்புக் கம்பிகளில் இரைச்சலைத் தூண்டுவதால், நிலத்தடிக் கேபிளும் நான்குகம்பி முறையும் வந்தன. ஒலி மட்டம் குறைந்தால் பழுது எந்த நிலையத்துக்கு அப்பால் உள்ளது என்பதை நிலையம் நிலையமாக அளந்தே கண்டுபிடிப்பார்கள். மானியின் எண் கம்பியின் சுமையையும் சொல்கிறது என்ற மூன்றாவது பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்டர்காமின் தோற்றம்

மேடை நிகழ்ச்சிக்கான இன்டர்காம் தனித்தொழிலாக வளர்ந்தது 1960-களின் இறுதியில். ராக் இசை நிகழ்ச்சிகளின் பேரொலிக்கு நடுவே விளக்கு இயக்குபவரும் ஒலி இயக்குபவரும் பேசிக்கொள்ள முடியவில்லை. 1968-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் சார்லி பட்டன், பாப் கோஹன் ஆகியோர் இதற்கெனக் கருவி உருவாக்கினர். கிளியர்காம் நிறுவனம் அவ்வாறு தோன்றியது. மூன்று முனை கொண்ட சாதாரண ஒலிவாங்கிக் கம்பியிலேயே 30 வோல்ட் மின்சாரமும் பேச்சும் சென்றன. இடுப்பில் மாட்டும் சிறு பெட்டியும் தலைப்பேசியும் இருந்தால் எவரும் இணையலாம்.

1970-களில் வந்த ஆர்.டி.எஸ். நிறுவனத்தின் முறையும் அதே மூன்று முனைகளைப் பயன்படுத்தியது. ஆனால் இரண்டு பேச்சுத் தடங்களை ஏற்றியது. இணைப்பான் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் முனைகளின் பொருளும் பேச்சின் மட்டமும் இரு முறைகளுக்கும் வேறு. இரண்டும் பொதுக்கம்பி முறைகள்; எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் பெருகியபோது யார் யாருடன் பேசலாம் என்று தேர்ந்தெடுக்க உதவும் நான்குகம்பி இணைப்பகங்கள் வந்தன. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தனியார் அலைவரிசைகள் 1990-களில் பெருகின. வெளிப்புற ஒளிபரப்பில் மேடைக்காரரின் பொதுக்கம்பியும் ஒளிபரப்பு வண்டியின் நான்குகம்பி இணைப்பகமும் ஒரே இரவில் ஒன்றாக வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சந்திப்புக்கான கருவியே இன்டர்காம் இடைமுகம். பழைய தொலைபேசிக் கலப்பிணைப்பு அதன் உள்ளே இருக்கிறது.

இடைமுகத்தின் மானியைப் படித்தல்

இடைமுகத்தின் முகப்பில் பொதுக்கம்பியிலிருந்து வருவதும் அதற்குப் போவதும், நான்குகம்பியிலிருந்து வருவதும் அதற்குப் போவதும் தனித்தனியே காட்டப்படலாம். விளக்குகள் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு பக்கத்துச் சுழியும் மறுபக்கத்துச் சுழியும் ஒரே மின்னழுத்தத்தைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் தன் முறைக்குரிய இயல்பு மட்டத்தைச் சுழியாகக் கொண்டிருக்கலாம். சில கருவிகள் 0.775 வோல்ட்டையும் சில 1 வோல்ட்டையும் அடிப்படையாகக் கொள்ளும். அந்த வேறுபாடே 2.2 டெசிபல். கருவியின் கையேட்டில் சுழியின் பொருளைப் பார்த்துக்கொள்வது முதல் வேலை.

இரண்டாவது வேலை பொதுக்கம்பியின் சுமையை உறுதி செய்வது. கிளியர்காம் முறையில் கம்பி முழுவதற்கும் 200 ஓம் முனைச்சுமை ஒன்று இருக்க வேண்டும். மேடைக்காரரின் மின்வழங்கியிலும் வண்டியின் மின்வழங்கியிலும் ஒவ்வொன்று இருந்தால் சுமை 100 ஓமாகிவிடும். மானி ஏறக்குறைய 6 டெசிபல் குறைவாகக் காட்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டம் மிகுந்து ஊளை எழலாம். 6 டெசிபல் குறைவைக் கண்டவர் முனைச்சுமையைத் தேடாமல் பெருக்கத்தை உயர்த்தினால் அப்போதைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். பின்னர் யாராவது இரண்டாவது மின்வழங்கியை அணைக்கும் கணத்தில் மட்டம் துள்ளி, எல்லோர் தலைப்பேசியிலும் ஊளை பாயும். நேரலையின் நடுவில் பணியாளர் அனைவரும் தலைப்பேசியைக் கழற்றும் நிலை அது. நீடித்த பேரொலி காதுக்கும் கேடு.

மூன்றாவது வேலை எதிரொலியைச் சமன் செய்வது. பொதுக்கம்பியில் உள்ள ஒலிவாங்கிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, நான்குகம்பிப் பக்கத்திலிருந்து ஒரு சுருதியை அனுப்ப வேண்டும். அது பொதுக்கம்பிக்குப் போவதை ஒரு மானி காட்டும். திரும்பி வரும் மானியில் எதுவும் இருக்கக் கூடாது. சமநிலைக் குமிழ்களைத் திருப்பித் திரும்பி வரும் மட்டத்தை இயன்ற அளவு கீழே கொண்டுவர வேண்டும். இங்கே குறைந்த எண்ணே நல்ல எண். கம்பியின் நீளம் மாறினாலோ புதிய பெட்டிகள் சேர்ந்தாலோ இந்தச் சமநிலை மாறும். மீண்டும் அமைக்க வேண்டும்.

கடைசியாகப் பேச்சு. சுருதியால் அமைத்த மட்டத்தை மனிதர் பேசும்போது சரிபார்க்க வேண்டும். விளக்கு வரிசை மானி உச்சத்தைக் காட்டுவதா சராசரியைக் காட்டுவதா என்பதைப் பொறுத்து, அதே பேச்சு வெவ்வேறு உயரத்தில் தெரியும். யாரும் பேசாதபோதும் ஒரு விளக்கு எரிந்தபடி இருந்தால், அது 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலாகவோ அணைக்க மறந்த ஒலிவாங்கியாகவோ இருக்கலாம். மானியால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அதற்குத் தலைப்பேசியைக் காதில் வைத்தே ஆக வேண்டும்.

எண்ணியல் காலம்

எண்ணியல் கருவிகளில் அளவு கீழிருந்து கணக்கிடப்படுவதில்லை. கருவி தாங்கும் உச்சமே சுழி. மற்ற எல்லாம் அதற்குக் கீழே எதிர்மறை எண்கள். அந்த உச்சத்துக்கு எத்தனை டெசிபல் கீழே வழக்கமான மட்டத்தை வைப்பது என்பதில் பழைய பிளவு மறுபடி தோன்றியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் வழக்கில் 0.775 வோல்ட் என்பது உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே. அமெரிக்க வழக்கில் 1.228 வோல்ட் என்பது 20 டெசிபல் கீழே. எனவே 0.775 வோல்ட் குறிகை ஒன்றை இரண்டு கருவிகளுக்கும் கொடுத்தால் ஒன்று -18 என்றும் மற்றது -24 என்றும் காட்டும். இரண்டும் பழுதில்லாதவை. 6 டெசிபல் வேறுபாடு உடன்படிக்கையின் வேறுபாடு.

நிகழ்ச்சி ஒலிக்குக் காதின் உணர்வை ஒட்டிய உரப்பு அளவுமுறை 2006-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தால் வகுக்கப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் தன் பரிந்துரையை வெளியிட்டது. அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான சத்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்த அது பயன்பட்டது. இன்டர்காமுக்கு அத்தகைய பொது அளவு இல்லை. இன்று இன்டர்காம் குரலும் கணினி வலையமைப்பில் தரவுப் பொதியாகச் செல்கிறது. ஆனாலும் மேடைக்கு அருகே இடுப்புப் பெட்டிகளைத் தாங்கும் இருகம்பி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வலையமைப்பும் இருகம்பியும் சந்திக்கும் இடத்தில் சமநிலைக் குமிழும் மானியும் இன்னும் தேவைப்படுகின்றன.

வரலாற்றில் இடம்

ஒலி அளவுமானியின் வளர்ச்சி பெரும்பாலும் கருவியின் நுட்பம் பற்றியதாகவே சொல்லப்படுகிறது. முட்களைவிட உடன்படிக்கைகளே அதில் பெரிய பங்கு வகித்தன. 1939-இன் வி.யு. மானி மின்னியல் நோக்கில் எளிமையானது. கம்பியின் இரு முனையிலும் இருந்தவர்கள் ஒரே எண்ணுக்கு ஒரே பொருளை ஏற்றுக்கொண்டதே அதன் சாதனை. ஆராதனை மேடையில் இருப்பவர் சுருதி அனுப்பி ‘என்னிடம் சுழி, உங்களிடம் எவ்வளவு?’ என்று கேட்பதும், ரயில்வேயில் நிலையம் நிலையமாக மட்டம் அளப்பதும், இடைமுகத்தின் இரு பக்கச் சுழியையும் சுருதியால் பொருத்துவதும் அதே செயலின் வடிவங்கள்.

தமிழ்நாட்டில் இந்த அறிவு வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ரயில்வேயின் தொலைத்தொடர்புப் பிரிவிலும் கைப்பழக்கமாக வளர்ந்தது. மிருதங்கத்துக்கு முள்ளைத் தாழவிடுவது போன்ற பல நுணுக்கங்கள் எழுத்தில் குறைவாகவே பதிவாகியுள்ளன. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒலி, ஒளி அமைக்கும் இளைஞர்கள் இன்று பல நாட்டு முறைகளைச் சேர்ந்த கருவிகளை ஒரே மேடையில் இணைக்கிறார்கள். கருவி புதிதாக இருந்தாலும் மானியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பழையவைதான்: சுழி எது, வேகம் என்ன, சுமை எவ்வளவு.